ஓடிக்கொண்டிருக்கும் ஹோம் அசிஸ்டன்ட் பெட்டியை அப்டேட் செய்வதா, தொடாமல் விடுவதா?

நீங்கள் கேட்டது இது: ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினியில் 32 ஜிபி எஸ்டி கார்டு போட்டு, வீட்டின் ஸ்மார்ட் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் இரண்டு வருடமாக ஓடுகிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று அப்டேட் அறிவிப்பு வருகிறது, ஒன்றையும் தொட்டதில்லை. போன வாரம் கரண்ட் போய் வந்ததும் பெட்டி எழவில்லை. வயரைப் பிடுங்கி மறுபடி செருகியதும் எழுந்துவிட்டது. லினக்ஸ் தெரியாது. இனி அப்டேட் செய்வதா, ஓடுவதை ஓட விடுவதா? இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அப்டேட் செய்தால் கெட்டுப்போகுமோ என்பது ஒன்று. கரண்ட் போனால் ஏன் எழவில்லை என்பது இன்னொன்று. முதலாவதுக்கு ஓஎஸ்ஸுக்குள்ளேயே ஓரளவு பாதுகாப்பு கட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டாவதுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது, அதை நீங்கள்தான் ஏற்படுத்த வேண்டும். பெரும்பாலானவர்கள் பயப்படுவது முதலாவதுக்கு; பெட்டி சாவது பெரும்பாலும் இரண்டாவதால்.

முதலில் 'அப்டேட்' என்ற ஒரே பெயரில் வருபவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது ஓஎஸ்: பில்ட்ரூட் என்ற கருவியால் கட்டிய சின்ன லினக்ஸ். அதில் வன்பொருளை இயக்கும் கர்னல், சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி, நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர். இதன் பதிப்பு 15.2, 16.0 என்ற மாதிரி இருக்கும். அதன்மேல் சூப்பர்வைசர். இது மற்ற கன்டெய்னர்களை இறக்கி, ஏற்றி, மேய்க்கும் மேஸ்திரி. தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்ளும், உங்களைக் கேட்காது. அதற்கும் மேலே கோர், அதாவது நீங்கள் தினமும் பார்க்கும் ஹோம் அசிஸ்டன்ட். இதன் பதிப்பு வருடமும் மாதமுமாக, 2025.12 என்று வரும். மாதத்தின் முதல் புதன்கிழமை புதியது வெளியாகும், பிறகு 2025.12.1, 2025.12.2 என்று திருத்தங்கள் தொடரும். பக்கத்தில் ஆட்-ஆன்கள், அதாவது நீங்கள் விரும்பிச் சேர்க்கும் துணை நிரல்கள். நான்கும் தனித்தனி. ஓஎஸ்ஸை மட்டும் ஏற்றிவிட்டு கோரை அப்படியே விடலாம், மாற்றியும் செய்யலாம். ஒரே நாளில் நான்கையும் தட்டிவிட்டு ஏதோ ஒன்று ஓடவில்லை என்றால், எதனால் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓஎஸ் அப்டேட் எப்படி நடக்கிறது என்பதைக் கார்டுக்குள் போய்ப் பார்த்தால் பயம் பாதி குறையும். கார்டில் எட்டுப் பகுதிகள் இருக்கும். பூட் பகுதி ஒன்று. கர்னலுக்கு இரண்டு, சிஸ்டத்துக்கு இரண்டு. இவை ஏ, பி என்று இரட்டைப் பிள்ளைகள். எந்தப் பக்கத்தில் பூட் ஆக வேண்டும் என்பதைக் குறித்து வைக்க ஒரு குட்டிப் பகுதி. நெட்வொர்க் அமைப்பு போன்றவற்றுக்கு ஓவர்லே. மிச்சம் கார்டு முழுவதும் டேட்டா. இப்போது நீங்கள் ஏ-யில் ஓடிக்கொண்டிருந்தால், அப்டேட் தட்டியதும் ரௌக் என்ற நிரல் புதிய தொகுப்பை இறக்கும், அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும், சும்மா கிடக்கும் பி-யில் எழுதும், 'அடுத்த முறை பி-யை முயன்று பார்' என்று குறித்துவிட்டு ரீபூட் செய்யும். பி எழுந்து நின்றால் நல்லது என்று முத்திரை விழும். எழவில்லை என்றால் பூட்லோடர் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒன்றைக் கழிக்கும். மூன்று முயற்சியும் தீர்ந்தால் பழைய ஏ-க்கே திரும்பிவிடும். ஓடுகிற சிஸ்டம் பகுதி படிக்க மட்டுமே முடிகிற மாதிரி இருப்பதால், பாதி எழுதிய நிலையில் கரண்ட் போனாலும் ஓடிக்கொண்டிருந்ததற்கு ஒன்றும் ஆகாது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, பூட் பகுதிக்கு ஜோடி கிடையாது. ராஸ்பெர்ரி பையின் ஃபர்ம்வேர் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன, ஓஎஸ் அப்டேட் அவற்றையும் புதுப்பிக்கும். அந்தச் சில நொடிகளில் கரண்ட் போனால் ஏ, பி இரண்டும் நலமாக இருந்தும் பெட்டி எழாது. அதனால் மின்தடை வாடிக்கையாக வரும் நேரத்தில் ஓஎஸ் அப்டேட்டைத் தட்டாதீர்கள். இரண்டாவது, 'நல்லது' என்ற முத்திரைக்கு லினக்ஸ் ஒழுங்காக எழுந்தது என்பதுதான் பொருள். உங்கள் ஜிக்பீ டாங்கிளும் (கம்பியில்லா சென்சார், விளக்குகளோடு பேசும் யுஎஸ்பி குச்சி) புளூடூத்தும் வேலை செய்கின்றனவா என்று அது பார்ப்பதில்லை. கர்னல் வரிசை மாறும் பெரிய பதிப்புகளில், அதாவது 15-இலிருந்து 16 போன்ற தாவல்களில், டிரைவர் சிக்கல் வரும் இடம் இது. அப்போது தானாகத் திரும்பாது, நீங்கள்தான் திருப்ப வேண்டும். டெர்மினல் ஆட்-ஆனைத் திறந்து 'ஓஎஸ் இன்ஃபோ' கட்டளை கொடுத்தால் இரண்டு பக்கத்திலும் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று காட்டும். 'ஓஎஸ் பூட்-ஸ்லாட் அதர்' என்ற கட்டளை மறுபக்கத்துக்கு ரீபூட் செய்யும். இரண்டுக்கும் முன்னால் 'எச்ஏ' என்று சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் ஆங்கில எழுத்தில். பூட்-ஸ்லாட் கட்டளை பழைய பதிப்புகளில் கிடையாது; அங்கே 'ஓஎஸ் அப்டேட்' கட்டளையோடு பழைய பதிப்பு எண்ணைக் கொடுத்தால் அதை இறக்கிப் போட்டுவிடும்.

லினக்ஸ் தெரியாது என்பதை நீங்கள் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஓஎஸ்ஸைப் பொறுத்தவரை கொஞ்சம் தெரிந்தவர்களுக்குத்தான் சிரமம். உள்ளே புகுந்ததும் உபுண்டு லினக்ஸில் செய்வதுபோல, நிரல்களை நிறுவும் ஏபிடி கருவியைக் கூப்பிட்டு அப்கிரேடு அடிப்பார்கள்; இங்கே ஏபிடியே இல்லை. சிஸ்டம் பகுதியில் எதையும் எழுத முடியாது என்பதால் கையால் நிறுவவும் வழியில்லை. அது வேண்டுமென்றே செய்ததுதான், அதை உடைக்கப் பார்க்காதீர்கள்.

கோர் அப்டேட் வேறு சாதி. அது டேட்டா பகுதியில் இருக்கும் ஒரு கன்டெய்னர். புதிய கோர் எழவில்லை என்று சூப்பர்வைசர் கண்டால் பழைய கன்டெய்னருக்குத் தானே திரும்பும். ஆனால் கன்டெய்னர்தான் திரும்பும், தரவு திரும்பாது. புதிய கோர் எழுந்ததும் வரலாற்றுத் தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றியிருக்கலாம், உள்ளமைப்புக் கோப்புகளையும் புதிய வடிவத்துக்கு மாற்றியிருக்கலாம். நான்கு நாள் கழித்து 'பழையதே நன்றாக இருந்தது' என்று பதிப்பை மட்டும் இறக்கினால், பழைய கோருக்குப் புதிய தரவு புரியாமல் போகலாம். கோரைப் பின்னோக்கிக் கொண்டுபோக நம்பகமான வழி ஒன்றே: அப்டேட்டுக்கு முன் எடுத்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்வது. அப்டேட் பெட்டியில் 'முன்னதாக பேக்கப் எடு' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அதை அணைக்கவே அணைக்காதீர்கள்.

ஆக, எவ்வளவு அடிக்கடி? இனி சொல்வது என் கணிப்பு, விதி இல்லை. மாத முதல் புதனன்று வருவதைத் தொடாதீர்கள். இரண்டு வாரம் பொறுத்து, அதற்குள் இரண்டு மூன்று திருத்தங்கள் வந்திருக்கும், கடைசியாக வந்ததைப் போடுங்கள். வெளியீட்டுக் குறிப்பின் கடைசியில் 'பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்கள்' என்ற பகுதி இருக்கும். முழுக் குறிப்பையும் படிக்க வேண்டாம், அந்தப் பகுதியில் உங்களிடம் இருக்கும் சாதனங்களின் பெயர் வருகிறதா என்று மட்டும் தேடுங்கள். ஓஎஸ்ஸுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும், புள்ளிக்குப் பின் பூஜ்யம் இருக்கும் பதிப்பைத் தவிர்த்து. 'ஓடுவதைத் தொடாதே' என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு வருடம் தொடாமல் விட்டால் ஒரே தாவலில் இருபத்துநான்கு மாத மாற்றங்களைத் தாண்ட வேண்டியிருக்கும். கோரில் ஒரு பழைய வசதியை நீக்கப்போவதாக எச்சரித்தால், வழக்கமாக ஆறு மாத அவகாசம் தருவார்கள். அந்த எச்சரிக்கை வந்த பதிப்புகள் எதையும் நீங்கள் பார்க்காததால், நேராக நீக்கத்தில் போய் விழுவீர்கள். உங்கள் நிலையில் நேரடியாகக் கடைசிக்குத் தாவாமல், ஐந்தாறு மாதத்துக்கு ஒன்று என்று படிப்படியாக ஏறுவது நல்லது. 'கோர் அப்டேட்' கட்டளையிலும் பதிப்பு எண்ணைக் கொடுக்கலாம். ஒவ்வொரு படியிலும் ஒருநாள் ஓடவிட்டு, 'ரிப்பேர்ஸ்' பக்கத்தில் வந்திருப்பதைச் சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தொடாமலே விட்டால் என்ன குறைந்துவிடும் என்பதற்கு ஒரு உண்மைச் சம்பவம் போதும். 2023 மார்ச்சில் சூப்பர்வைசரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. கடவுச்சொல் இல்லாமலே உள்ளே புக வழிவிட்ட அதற்கு, தீவிர அளவுகோலில் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். சூப்பர்வைசர் தானாக அப்டேட் ஆவதால் பெரும்பாலான வீடுகளில் உரிமையாளருக்குத் தெரியாமலே அடைபட்டது. தானியங்கி அப்டேட்டை அணைத்து வைத்தவர்களும், ரூட்டரில் போர்ட்டைத் திறந்து வெளியுலகுக்கு நேரடியாகக் காட்டியிருந்தவர்களும்தான் வேர்க்க வேண்டியிருந்தது. உங்கள் பெட்டிக்கு வெளியிலிருந்து போர்ட் திறந்திருந்தால் அப்டேட் கட்டாயம். வீட்டுக்குள் மட்டும் என்றால் அவசரம் குறைவு, அவசியம் அதே.

இன்னொன்றையும் இன்றே பாருங்கள். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரிப்பேர்ஸ்' போய், மேலே மூன்று புள்ளி மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்'. அங்கே போர்டு 'ஆர்பிஐ4-64' என்றும் சிபியு 'ஏஆர்ச்64' என்றும் இருந்தால் கவலை இல்லை. '64' இல்லாமல் வெறும் 'ஆர்பிஐ4', 'ஆர்ம்வி7' என்று இருந்தால் நீங்கள் முதலில் எழுதியது 32-பிட் இமேஜ். 32-பிட் ஆதரவை நிறுத்தப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள், 2025.12-ஓடு அது முடிந்தது. பை 4-இன் சிப் 64-பிட் தான், வன்பொருளை மாற்ற வேண்டாம். ஆனால் இருந்த இடத்திலேயே மாற்ற வழியில்லை. பேக்கப் எடுத்து, வேறு கார்டில் 64-பிட் இமேஜ் எழுதி, அதில் ரீஸ்டோர் செய்ய வேண்டும்.

இனி கரண்ட். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகத்தையும் பிரித்தே சொல்கிறேன். எஸ்டி கார்டுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் நான்கு கேபியை மாற்ற வேண்டுமென்றாலும் பல மடங்கு பெரிய கட்டத்தை அழித்துத்தான் எழுத முடியும். எந்தத் தரவு உண்மையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற பட்டியலைக் கார்டுக்குள் இருக்கும் சின்ன கன்ட்ரோலர் வைத்திருக்கிறது. தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் இருக்க அது கட்டங்களை மாற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டியலை எழுதும் கணத்தில் கரண்ட் போனால், நீங்கள் தொடாத கோப்புகூடக் கெட்டுப்போகலாம். லினக்ஸ் பார்வையில் பூட் பகுதி வேறு, டேட்டா பகுதி வேறு. கன்ட்ரோலருக்கு எல்லாம் ஒரே குவியல். ஏ, பி ஏற்பாடும், லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பு பாதி எழுதியதைச் சரிசெய்ய வைத்திருக்கும் ஜர்னலும் இந்த இடத்தில் கைகொடுக்காது, ஏனென்றால் சேதம் அவற்றுக்கும் கீழே நடக்கிறது. இவ்வளவும் உறுதி. உங்கள் பெட்டி போன வாரம் எழாததற்குக் காரணம் இதுதானா என்றால், லாகை, அதாவது பெட்டியின் நிகழ்வுப் பதிவைப் பார்க்காமல் சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் மாறும் நொடியில் மின்னழுத்தம் தொங்கி, பை பாதி எழுந்த நிலையில் சிக்கியிருக்கலாம். மறுபடி செருகியதும் எழுந்தது என்பதால் நான் இதன் பக்கம்தான் சாய்கிறேன். கார்டு தேயத் தொடங்கியதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'லாக்ஸ்' போய் மேலே 'ஹோஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் 'அண்டர்வோல்டேஜ்' என்ற சொல்லைத் தேடுங்கள். வந்தால், பைக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கிறது. குற்றவாளி அடாப்டர் அல்லது வயர். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். '5 வோல்ட் 3 ஆம்பியர்' என்று அச்சடித்த போன் சார்ஜர், நீளமான மெல்லிய வயரோடு சேர்ந்தால் பையின் முனையில் 4.7 தருவது சகஜம். வயர் கழற்ற முடியாமல் அடாப்டரோடு ஒட்டியே வரும் ஒன்றை வாங்குவது நல்லது. அதற்குப் பதிலாக, எஸ்டி கார்டைக் குறிக்கும் 'எம்எம்சிபிஎல்கே0' என்ற பெயரோடு 'ஐ/ஓ எரர்' வரிகள் இருந்தால் கார்டு போகிறது. அதைச் சரிசெய்ய முயல வேண்டாம், மாற்றுங்கள். மறுபடி எழாமல் நின்றால் வயரைப் பிடுங்கும் முன் பச்சை விளக்கைக் கவனியுங்கள். நான்கு முறை மின்னி நிறுத்தி, மறுபடி நான்கு என்றால் பூட் பகுதியின் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை. ஏழு என்றால் அடுத்துத் தொடங்க வேண்டிய கோப்பு கிடைக்கவில்லை. இரண்டுமே கார்டைக் கைகாட்டும். எச்டிஎம்ஐ வயரில் டிவியைச் செருகினால் எங்கே நிற்கிறது என்று எழுத்திலேயே தெரியும்.

கரண்ட் வந்ததும் பெட்டி எழுந்தும் பாதி வேலை செய்யாமல் நிற்பது வேறு கதை. பை 4-இல் கரண்ட் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. ஃபைபர் மோடம் எழுந்து இணையம் வர சில நிமிடம் ஆகும். அதற்குள் பை எழுந்துவிட்டால் அதற்கு நேரம் தெரியாது. நேரம் தவறாக இருந்தால் இணையச் சேவைகளின் சான்றிதழ்கள் செல்லாது என்று மறுக்கும், ஆட்டோமேஷன்கள் தவறான வேளையில் ஓடும். பை 5-இல் கடிகாரம் உண்டு, பேட்டரி மட்டும் தனியாக வாங்கிச் செருக வேண்டும். பை 4-இல் எளிய வழி, மோடத்துக்கும் பைக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ். ரூட்டருக்கென்று கடைகளில் விற்கும் 12 வோல்ட் யுபிஎஸ்கள் பலவற்றில் 5 வோல்ட் யுஎஸ்பி முனையும் இருக்கும். அது பெரும்பாலும் 1 அல்லது 2 ஆம்பியர்தான், பை 4-க்கு அதை நம்ப வேண்டாம். 12 வோல்ட்டை 5.1 ஆக இறக்கும் 5 ஆம்பியர் கன்வெர்ட்டரை இடையில் வைத்து, மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பிறகு செருகுங்கள்.

கார்டு தேய்வதைக் குறைக்க வேண்டுமென்றால் எழுதுவதைக் குறைக்க வேண்டும். ஹோம் அசிஸ்டன்ட்டில் அதிகம் எழுதுவது ரெக்கார்டர், அதாவது சாதனங்களின் ஒவ்வொரு நிலை மாற்றத்தையும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பில் சேமிக்கும் பகுதி. மின்சாரம் அளக்கும் ஒரு ஸ்மார்ட் பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாட், வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ், பவர் ஃபேக்டர் என்று ஐந்து மதிப்புகள். நொடிக்கு ஒருமுறை மாறினால் ஒரு நாளில் 86,400 பெருக்கல் 5, அதாவது 4,32,000 வரிகள். ஒரே பிளக்! இதில் உங்களுக்கு மாதக் கடைசியில் தேவைப்படுவது யூனிட் கணக்கு மட்டும். யூனிட் மதிப்பையும் வாட்டையும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் ரெக்கார்டரின் 'எக்ஸ்க்ளூட்' பட்டியலில் போடுங்கள். பிளக்கின் அமைப்பிலேயே அறிக்கை இடைவெளியை 30 நொடியாக மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. ரெக்கார்டர் ஐந்து நொடிக்கு ஒருமுறை கார்டில் எழுதும், பத்து நாள் வரலாற்றை வைத்திருக்கும். இவை இயல்பான அளவுகள். எழுதும் இடைவெளியை 30 நொடி ஆக்கினால் கரண்ட் போகும்போது கடைசி அரை நிமிட வரலாறு போகும், அவ்வளவுதான். மணிக்கணக்கில் தொகுத்த நீண்டகாலப் புள்ளிவிவரம் பத்து நாள் கெடுவுக்கு உட்பட்டதல்ல, அது தனியாக இருந்துகொண்டே இருக்கும். மாற்றியதும் 'டெவலப்பர் டூல்ஸ்' பக்கத்தில் உள்ளமைப்பைச் சரிபார்த்த பிறகே ரீஸ்டார்ட் கொடுங்கள். யாமல் (உள்ளமைப்பை எழுதும் வடிவம்) கோப்பில் ஒரு இடைவெளி பிசகினாலும் கோர் மீட்பு முறையில்தான் எழும்.

கரண்ட் போய் இந்தத் தரவுத்தளம் உடைந்தால், கோர் அதைக் கண்டுபிடித்து, பழைய கோப்பின் பெயர்க் கடைசியில் 'கரப்ட்' என்று தேதியோடு சேர்த்து ஒதுக்கி வைத்துவிட்டு, வெற்றுக் கோப்போடு புதிதாகத் தொடங்கும். உங்கள் கான்ஃபிக் கோப்புறையில் அப்படிப்பட்ட கோப்பு இருக்கிறதா என்று ஃபைல் எடிட்டரில் பாருங்கள். இருந்தால் இரண்டு செய்தி: கரண்ட் உங்கள் பெட்டியை இதற்கு முன்பும் அடித்திருக்கிறது, அந்தக் கோப்பு இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கிறது, அழிக்கலாம். 32 ஜிபியில் இது முக்கியம். கோர் அப்டேட்டின்போது பழைய கன்டெய்னரும் புதியதும் சற்று நேரம் ஒன்றாக இருக்கும், கூடவே பேக்கப்பும் எழுதப்படும். 'ஸ்டோரேஜ்' பக்கத்தில் ஐந்து ஜிபியாவது காலியாக இல்லாமல் அப்டேட்டைத் தொடாதீர்கள்.

எஸ்எஸ்டிக்கு மாறுவது நல்ல தீர்வு. ஆனால் அதிலும் சறுக்கல்கள் உண்டு. 'ஸ்டோரேஜ்' பக்கத்தில் இருக்கும் 'மூவ் டேட்டா டிஸ்க்' டேட்டா பகுதியை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றும். அந்த எஸ்எஸ்டியில் முன்பு இருந்தது முழுவதும் அழியும். பூட் தொடர்ந்து கார்டிலிருந்துதான், ஆனால் எழுதும் பாரம் போய்விடுவதால் கார்டு நீண்ட நாள் தாங்கும். முழுவதையும் எஸ்எஸ்டியிலிருந்தே பூட் செய்ய வேண்டுமென்றால் எஸ்எஸ்டியில் புதிதாக இமேஜ் எழுதி ரீஸ்டோர் செய்ய வேண்டும். பை 4-இன் நான்கு யுஎஸ்பி முனைகளும் சேர்ந்து தரக்கூடியது 1.2 ஆம்பியர்தான், அதிக மின்சாரம் இழுக்கும் எஸ்எஸ்டியும் டாங்கிளும் சேர்ந்தால் தடுமாறும். சாட்டாவை யுஎஸ்பியாக மாற்றும் அடாப்டர்களில் சில, குறிப்பாகப் பழைய ஜேமைக்ரான் சிப் கொண்டவை, யுஏஎஸ் என்ற வேகமான தரவுப் பரிமாற்ற முறையில் தொங்கிவிடும். அந்த அடாப்டருக்கு மட்டும் யுஏஎஸ்ஸை அணைக்க, பூட் பகுதியில் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பின் அதே ஒற்றை வரியில் ஒரு சொல் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் அடாப்டரையே மாற்றிவிடுங்கள், மலிவு.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம். யுஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். இதை இன்டெல் 2012-லேயே அளந்து வெளியிட்டது. ஜிக்பீ ஓடுவதும் அதே அலைவரிசை. எஸ்எஸ்டி போட்ட மறுநாளிலிருந்து தூரத்து அறை சென்சார்கள் ஒவ்வொன்றாக விழுந்தால், ஓஎஸ் அப்டேட்டைத் திட்டாதீர்கள். டாங்கிளைக் கறுப்பு நிற யுஎஸ்பி 2.0 முனையில் செருகி, ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். டாங்கிளின் முகவரியை 'டிடிஒய்யுஎஸ்பி0' என்று கொடுத்திருந்தால், 'ஹார்டுவேர்' பக்கத்தில் இருக்கும் 'பை-ஐடி' முகவரிக்கு மாற்றிவிடுங்கள். முந்தையது எந்த ரீபூட்டிலும் 1 ஆகிவிடலாம்.

கடைசியாக பேக்கப். 'பேக்கப் எடுக்கிறேன்' என்று சொல்பவர்களில் பலருடையது அதே கார்டின் டேட்டா பகுதியில்தான் இருக்கும். கார்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். 2023.6 முதல் நெட்வொர்க் சேமிப்பகத்தை இணைக்கும் வசதியும், 2025.1 முதல் தானியங்கி பேக்கப்பைப் பல இடங்களுக்கு அனுப்பும் வசதியும் இருக்கின்றன. வீட்டில் நாஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) இல்லையென்றால் வாரம் ஒருமுறை லேப்டாப்பில் இறக்கி வைத்தாலும் போதும். தானியங்கி பேக்கப்புகள் பூட்டப்பட்டிருக்கும். அதன் சாவி 'எமர்ஜென்சி கிட்' என்ற கோப்பில் வரும். அந்தச் சாவி இல்லாத பேக்கப் வெறும் குப்பை, அதைத் திறந்து தர யாராலும் முடியாது. காகிதத்தில் அச்செடுத்து ரேஷன் கார்டோடு வையுங்கள். ஜிக்பீ டாங்கிள் தன் நினைவகத்தில் நெட்வொர்க் சாவியை வைத்திருக்கிறது. டாங்கிள் எரிந்தால் அதே வகை டாங்கிளில் அந்தச் சாவியை ஏற்ற, ஜிக்பீயை நடத்தும் இரண்டு நிரல்களில் இசட்எச்ஏ தன் தரவுத்தளத்திலும் ஜிக்பீ2எம்கியூடிடி ஒரு தனிக் கோப்பிலும் நகல் வைத்திருக்கும். இரண்டும் முழு பேக்கப்புக்குள் வந்துவிடும்.

பேக்கப் வேலை செய்கிறதா என்று தெரிய ஒரே வழி ரீஸ்டோர் செய்து பார்ப்பதுதான். ஏ2 என்று (நிரல்கள் ஓட ஏற்ற வேகத்தைக் குறிப்பது) குறியிட்ட 32 ஜிபி கார்டு ஒன்று வாங்குங்கள். போலிகள் நிறையப் புழங்குவதால் முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற நிரலால் முழுக் கொள்ளளவும் உண்மையா என்று சோதியுங்கள். ஓடும் பையை முறையாக ஷட்டவுன் செய்து, பழைய கார்டை எடுத்து, டாங்கிளையும் கழற்றிவிட்டு, புதிய கார்டில் இமேஜ் எழுதிச் செருகுங்கள். வரவேற்புத் திரையிலேயே 'ரீஸ்டோர்' இருக்கும். கோப்பைக் கொடுத்து, சாவியைக் கொடுத்து, அரை மணி நேரம் விடுங்கள். டேஷ்போர்டும் ஆட்டோமேஷன்களும் வந்துவிட்டால் டாங்கிளைச் செருகி ஒரு ரீபூட். ஜிக்பீ விளக்கு ஒன்று எரிந்தால் வேலை முடிந்தது. இனி ஓட வேண்டியது புதிய கார்டுதான். பழையதை ஒரு மாதம் மேசை டிராயரில் வையுங்கள்.

வரிசை மட்டும் மாறக்கூடாது. இப்போது பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஒருமுறை எழ மறுத்திருக்கிறது. அதனால் அடுத்த ரீபூட்டில் எழும் என்று எண்ணி எதையும் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் வேண்டாம், அப்டேட் வேண்டாம், அடாப்டர் மாற்றவும் வேண்டாம். முதலில் முழு பேக்கப் எடுத்து லேப்டாப்பில் இறக்குங்கள். சாவி கேட்கும் பதிப்பு என்றால் அதையும் கூடவே இறக்குங்கள். கோப்பின் அளவு பூஜ்யமாக இல்லையே என்று பாருங்கள். பிறகு ஹோஸ்ட் லாகைத் திறந்து, மேலே சொன்ன 'அண்டர்வோல்டேஜ்', 'ஐ/ஓ எரர்' இரண்டையும் தேடுங்கள். எது வந்தது என்று இங்கே எழுதினால், அடாப்டரா கார்டா என்று அதை வைத்துப் பேசலாம்.